டிப்ளமோ நர்ஸ் பட்டம் படிக்கலாமா? செட்டிநாட்டிலிருந்து ஒரு கேள்வி

கேள்வி: வணக்கம் மேடம். தேவகோட்டைப் பக்கம் ஒரு கிராமம். வயது 31. பிளஸ் டூவில் காமர்ஸ் எடுத்தேன். பிறகு டிப்ளமோ நர்சிங் மூன்றரை வருடம் முடித்து, நர்சிங் கவுன்சிலில் பதிவு செய்து, காரைக்குடியில் ஒரு தனியார் மருத்துவமனை ஐ.சி.யூ.வில் எட்டு வருடமாக வேலை பார்க்கிறேன். போன மாதம் இன்சார்ஜ் பொறுப்பு காலியானது. நான் வேலை பழக்கிவிட்ட பி.எஸ்சி. பெண்ணுக்கு அதைக் கொடுத்துவிட்டார்கள். கேட்டதற்கு, "நீங்க டிப்ளமோதானே சிஸ்டர்" என்றார்கள். அன்றிலிருந்து டிப்ளமோ நர்ஸ்கள் பட்டம் வாங்குவதற்கான போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. படிக்க வேண்டும் என்று மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது. ஆத்தங்குடியில் டைல்ஸ் பட்டறையில் வேலை செய்யும் என் கணவர், "படிச்சு வந்தா ரெண்டாயிரம் கூடக் குடுப்பானா?" என்கிறார். மாமியார்தான், "பிள்ளைய நான் பாத்துக்கிறேன், நீ போய்ப் படி ஆத்தா" என்கிறார். மகள் ஒன்றாம் வகுப்பு. இதற்கிடையில் ஒரு ஏஜென்ட், பக்கத்து மாநிலத்தில் ஒரு கல்லூரி இருக்கிறது, பரீட்சைக்கு மட்டும் வந்தால் போதும், வேலையை விட வேண்டாம் என்கிறார். அமெரிக்காவில் இருக்கும் என் சித்தி மகள் வேலை பார்த்துக்கொண்டே ஆன்லைனில் பி.எஸ்சி. முடித்தாள். அங்கே முடியும்போது இங்கே ஏன் கூடாது? என் ஒரிஜினல் சர்டிபிகேட் எல்லாம் மருத்துவமனை ஆபீசில் இருக்கிறது. இங்கிலீஷ் என்றாலே பயம். என்ன செய்யட்டும்?

பதில்: அன்புள்ள சிஸ்டர்,

படியுங்கள். ஏஜென்ட் சொல்கிற வழியில் மட்டும் வேண்டாம். இந்த இரண்டையும் முதலில் சொல்லிவிட்டு, மற்றதை நிதானமாகப் பேசுகிறேன். போஸ்ட் பேசிக் மாணவிகளுக்குப் பல ஆண்டுகள் பாடம் நடத்தியவள் நான். உங்களைப் போல வார்டில் எட்டு, பத்து வருடம் உழைத்துவிட்டு வருகிறவர்கள்தான் அந்த வகுப்பில் பெரும்பாலும் உட்கார்ந்திருப்பார்கள்.

உங்கள் கணவர் கேட்ட கேள்வியை எடுத்துக்கொள்வோம். அவர் கேட்டதில் தப்பில்லை. வீட்டுக் கணக்குப் பார்க்கிறவர் கேட்க வேண்டிய கேள்விதான். இப்போது இருக்கும் மருத்துவமனையிலேயே தொடர்ந்தால், பட்டம் வாங்கிய மறுமாதம் சம்பளம் பெரிதாக ஏறிவிடாது. சிறு ஊர்த் தனியார் மருத்துவமனைகளில் டிப்ளமோவுக்கும் பட்டத்துக்கும் இடையே இருக்கும் சம்பள வித்தியாசம், இரண்டு வருடப் படிப்புச் செலவோடு ஒப்பிட்டால் ரொம்பச் சின்னது. ஆனால் உங்கள் சம்பளம் குறைவாக இருப்பதற்கு உங்கள் டிப்ளமோ காரணம் என்று நினைக்காதீர்கள். 2016-ல் உச்ச நீதிமன்ற உத்தரவின்படி மத்திய அரசு அமைத்த குழு ஒரு பரிந்துரை கொடுத்தது. 50 படுக்கைக்குக் குறைவான தனியார் மருத்துவமனையிலும் நர்ஸுக்கு மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது. 200 படுக்கைக்கு மேல் என்றால் மாநில அரசு நர்ஸுக்கு இணையான சம்பளம் தர வேண்டும் என்று அதில் இருக்கிறது. பல இடங்களில் அது காகிதத்தோடு நிற்கிறது. பட்டதாரி நர்ஸும் அதே குறைந்த சம்பளத்தில்தான் நிற்கிறார். அது வேறு போராட்டம். பட்டம் அதைத் தீர்க்காது.

அரசு வேலை மட்டும்தான் உங்கள் கனவு என்றாலும் போஸ்ட் பேசிக் அவசியமில்லை. மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் ஸ்டாஃப் நர்ஸ் வேலைக்கு ஆள் எடுக்கும்போது டிப்ளமோ படித்தவர்களும் விண்ணப்பிக்கலாம். அந்த ஆசை இருந்தால், இரண்டு வருடத்தைக் கல்லூரிக்குக் கொடுப்பதைவிட அந்தத் தேர்வுக்கு உட்கார்ந்து படிப்பது நல்லது.

பிறகு எதற்குப் பட்டம்? டிப்ளமோவோடு உங்களுக்கு மேலே போக முடியாத இடங்கள் சில இருக்கின்றன. எம்.எஸ்சி. நர்சிங் சேர பி.எஸ்சி. அல்லது போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. வேண்டும், அதில் 55 சதவீத மதிப்பெண்ணும், ஒரு வருட வேலை அனுபவமும் கேட்பார்கள். போஸ்ட் பேசிக் படிப்பவர்களுக்கு அந்த அனுபவம் படிப்புக்கு முன்னால் இருந்தாலும் செல்லும். ஆகவே உங்கள் எட்டு வருடம் அங்கே அப்படியே கணக்கில் வருகிறது. நர்சிங் பள்ளியிலோ கல்லூரியிலோ டியூட்டராகச் சேர்வதற்கும் பட்டம் வேண்டும். நீங்கள் ஐ.சி.யூ. நர்ஸ் என்பதால் இன்னொன்றையும் சொல்லத் தோன்றுகிறது. தீவிர சிகிச்சைக்கான நர்ஸ் பிராக்டிஷனர் படிப்பு ஒன்று இந்தியாவில் வந்திருக்கிறது. இரண்டு வருட முதுநிலைப் படிப்பு; பெரும்பகுதி ஐ.சி.யூ.விலேயே நின்று கற்பது. அதற்கும் பட்டமும் குறைந்தது ஒரு வருட அனுபவமும் வேண்டும். வென்டிலேட்டர் அலாரம் அடித்தால் எந்தக் கட்டில் என்று திரும்பிப் பார்க்காமலே சொல்லக்கூடிய ஒருத்தி அந்தப் படிப்புக்குப் போக வேண்டும் என்பது என் ஆசை.

வெளிநாட்டைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. செட்டிநாட்டில் இருந்துகொண்டு யாரும் அதை நினைக்காமல் இருப்பதில்லை என்பதால் இரண்டு வரி. வளைகுடா நாடுகளின் அரசு மருத்துவமனை வேலைகளுக்குப் பெரும்பாலும் பட்டமும் அனுபவமும் சேர்த்துக் கேட்கிறார்கள். பின்னாளில் அந்த எண்ணம் வந்தால், தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978-லிருந்து இருக்கிறது. அதில் பதிந்து போங்கள், தனி ஆட்களிடம் பணம் கட்டாதீர்கள்.

இனி, எனக்கு இதில் எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படுகிற விஷயம். "நீங்க டிப்ளமோதானே" என்று உங்களைக் காயப்படுத்தியவர்கள், பட்டத்துக்கும் நோயாளிக்கும் என்ன சம்பந்தம் என்று யோசித்திருப்பார்களா தெரியாது. சம்பந்தம் இருக்கிறது. அமெரிக்காவில் லிண்டா எய்க்கன் என்ற நர்சிங் ஆய்வாளரும் அவர் குழுவினரும் பென்சில்வேனியா மாநிலத்தில் 168 மருத்துவமனைகளை எடுத்து ஆராய்ந்து 2003-ல் வெளியிட்டார்கள். அறுவை சிகிச்சை நோயாளிகளைப் பார்க்கும் நர்ஸ்களில் பட்டம் பெற்றவர்களின் பங்கு 10 சதவீதம் கூடினால், 30 நாளுக்குள் நோயாளி இறக்கும் வாய்ப்பு சுமார் 5 சதவீதம் குறைவாக இருந்தது. 2014-ல் ஐரோப்பாவில் ஒன்பது நாடுகளில் பார்த்தபோது அந்தக் குறைவு சுமார் 7 சதவீதம். அதே ஐரோப்பிய ஆய்வு இன்னொன்றும் சொன்னது: ஒரு நர்ஸின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடினால், இறக்கும் வாய்ப்பும் சுமார் 7 சதவீதம் கூடுகிறது. பட்டதாரியை இன்சார்ஜ் ஆக்கிவிட்டு, ராத்திரி ஷிஃப்ட்டில் ஆறு கட்டிலுக்கு ஒரே நர்ஸை நிற்க வைக்கும் நிர்வாகம் இந்த இரண்டாவது பாதியைப் படிப்பதில்லை.

இந்த ஆய்வுகள் டிப்ளமோ நர்ஸ் மோசமானவர் என்று சொல்லவில்லை. அவை பார்த்தது மருத்துவமனை முழுவதையும். அங்கே படிப்பும் ஆள் பலமும் கூடக்கூட, நோயாளியின் நிலை மாறுவதை முன்கூட்டியே கண்டுபிடித்து, டாக்டரைக் கூப்பிட்டு, காரணத்தோடு எடுத்துச் சொல்லக்கூடியவர்கள் அதிகமாக இருக்கிறார்கள். உங்களுக்குக் கண்டுபிடிக்கத் தெரியும். எட்டு வருடம் ஐ.சி.யூ.வில் நின்றவருக்கு அது கைவந்திருக்கும். காரணத்தோடு எடுத்துச் சொல்வதைத்தான் கல்லூரி சேர்த்துத் தரும்.

அந்த இரண்டு வருடத்தில் என்ன நடக்கும் என்று பார்ப்போம். முதல் வருடம் நர்சிங் அடிப்படை, சத்துணவியல், உயிர்வேதியியலும் உயிர் இயற்பியலும், உளவியல், நுண்ணுயிரியல், தாய்மை நர்சிங், குழந்தை நல நர்சிங், மெடிக்கல் சர்ஜிக்கல். இரண்டாம் வருடம் சமூகவியல், சமூக சுகாதார நர்சிங், மனநல நர்சிங், கற்பித்தல், நிர்வாகம், ஆராய்ச்சியும் புள்ளியியலும். உங்களுக்கு உயிர்வேதியியல் கொஞ்சம் உதைக்கும். காமர்ஸ் படித்தவர் என்பதால் புள்ளியியல் மற்றவர்களைவிட உங்களுக்குச் சுலபமாக வரலாம். சராசரியும் சதவீதமும் பார்த்துப் பழகியவர்தானே.

அந்த ஆராய்ச்சிப் பாடத்தைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். உங்கள் ஐ.சி.யூ.வில் நீண்ட நாள் கிடக்கும் நோயாளிகளில் எத்தனை பேருக்குப் படுக்கைப் புண் வருகிறது? இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் போட்டதாக கேஸ் ஷீட்டில் எழுதியிருக்கும். உண்மையில் திருப்பினோமா? ராத்திரி ஷிஃப்ட்டில் எத்தனை முறை விட்டுப்போகிறது? இதை மூன்று மாதம் ஒழுங்காக எண்ணி, அட்டவணை போட்டு, ஒரு பக்கத்தில் எழுதி நிர்வாகத்தின் மேசையில் வைத்தால், "இன்னொரு நர்ஸ் வேண்டும்" என்று வாயால் கேட்பதைவிட அதற்குப் பலம் அதிகம். எந்தக் கேள்வியை எப்படி எண்ண வேண்டும் என்று கற்றுக்கொடுப்பதுதான் அந்தப் பாடம்.

சமூக சுகாதாரப் பாடத்தைப் பற்றி உங்கள் ஊர்க்காரியாகவே நீங்கள் யோசிக்க வேண்டும். மாணவிகளை அழைத்துக்கொண்டு செட்டிநாட்டு ஊர்களில் வீடு வீடாகப் போயிருக்கிறேன். முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு என்று தெரு விட்டுத் தெரு நீளும் வீட்டில் எண்பது வயது ஆச்சி ஒருவர் தனியாக இருப்பார். பிள்ளைகள் சென்னையில், சிங்கப்பூரில், அமெரிக்காவில். மூன்று டாக்டர்கள் எழுதிக் கொடுத்த மாத்திரைகள் ஒரே டப்பாவில் கலந்து கிடக்கும். இன்சுலின் ஊசியை ஒரே இடத்தில் போட்டுப் போட்டு வயிற்றில் தடிப்பு. காலில் புண் வந்து பத்து நாளாகியிருக்கும், வலியே தெரியாததால் அவர் அதைப் பார்த்திருக்க மாட்டார். அந்த வீடுகளின் நிலைப்படிகளைத்தான் உங்களுக்குத் தெரியுமே. உங்கள் கணவர் கையால் வார்க்கிற அந்த அழகான ஆத்தங்குடிக் கல், தண்ணீர் பட்டால் வழுக்கும். இடுப்பெலும்பு முறிந்து ஐ.சி.யூ.வுக்கு வரும் ஆச்சிகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அவர் விழுவதற்கு ஆறு மாதம் முன்பே அந்த வீட்டுக்குள் ஒரு நர்ஸ் போயிருந்தால் என்ன செய்திருக்கலாம் என்பது சமூக சுகாதார நர்சிங்.

சத்துணவியலும் அதே மாதிரிதான். சர்க்கரை நோயாளிக்கு ஓட்ஸ் சாப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டு வருவது சுலபம். காலையில் வெள்ளைப் பணியாரம், விசேஷத்துக்குக் கந்தரப்பமும் சீயமும் என்று எழுபது வருடம் சாப்பிட்டவரிடம், எதை எத்தனை, எந்த வேளையில், எதோடு சேர்த்து என்று பேசக் கற்க வேண்டும். அந்தப் பணியாரத்தில் எவ்வளவு அரிசி, எவ்வளவு உளுந்து, எவ்வளவு எண்ணெய் என்று கணக்குப் போட்டு, ஆச்சியிடம் சமையல்கட்டு மொழியிலேயே சொல்ல வேண்டும். அந்த மொழி உங்களிடம் இருக்கிறது. வெளியூரிலிருந்து வரும் மாணவிகளுக்கு அதைக் கற்றுக்கொடுக்க நான் பட்ட பாடு எனக்குத் தெரியும்.

இப்போது ஏஜென்ட். வகுப்புக்கே வராமல் படிப்பதற்கு இந்தத் தொழிலில் "நான் அட்டெண்டிங்" (non-attending) என்று பெயர் வைத்திருக்கிறார்கள். கல்லூரி இருக்கும், பெயர்ப்பலகை இருக்கும், சில சமயம் பல்கலைக்கழக இணைப்பும் இருக்கும். நீங்கள் போகாமலே வருகைப் பதிவு நிரம்பும், செய்யாத கேஸ் ஸ்டடிக்கு ரெக்கார்டு வந்து சேரும். இந்திய நர்சிங் கவுன்சில் விதிப்படி தேர்வெழுத ஒவ்வொரு பாடத்திலும் வகுப்பிலும் செய்முறையிலும் குறைந்தது 80 சதவீத வருகை வேண்டும். பட்டம் வாங்குவதற்குள் செய்முறையில் 100 சதவீதமும் முடித்திருக்க வேண்டும். நீங்கள் காரைக்குடியில் டியூட்டி ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட்ட அதே நாளில், வேறு மாநிலத்துக் கல்லூரி வருகைப் பதிவேட்டிலும் நீங்கள் இருந்தால் அது என்ன ஆவணம்? அனுபவச் சான்றிதழும் படிப்புச் சான்றிதழும் ஒரே தேதியில் மோதும். வெளிநாட்டு வேலைக்கான சான்றிதழ் சரிபார்ப்பில் முதலில் பார்ப்பதே இந்தத் தேதிகளைத்தான். பிறகு பட்டத்தோடு உங்கள் எட்டு வருட அனுபவமும் சந்தேகத்துக்குள்ளாகும். உங்களிடம் இருப்பதிலேயே விலை மதிப்புள்ளது அந்த எட்டு வருடம். அதைப் பணயம் வைக்கச் சொல்கிறார் அந்த ஆள்.

பட்டம் வாங்கினால் மட்டும் போதாது என்பதையும் அவர் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார். தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் கவுன்சிலில் அதைக் கூடுதல் தகுதியாகப் பதிய வேண்டும். வெளிமாநிலப் பட்டம் என்றால் அங்குள்ள கவுன்சிலிலிருந்து உண்மைத் தன்மைச் சான்று கேட்டு வாங்குவார்கள். கட்டிய பணம் போய், பதிவு கிடைக்காமல் அழுதுகொண்டு வந்த பெண்களைப் பார்த்திருக்கிறேன். எந்தக் கல்லூரியானாலும் மூன்றைச் சரிபாருங்கள்: அந்த வருடத்துக்கு, அந்தப் படிப்புக்கு, இந்திய நர்சிங் கவுன்சிலின் இணையதளப் பட்டியலில் பெயர் இருக்கிறதா, மாநில கவுன்சிலின் அங்கீகாரம் இருக்கிறதா, பல்கலைக்கழக இணைப்பு இருக்கிறதா. தமிழ்நாட்டில் பெரும்பாலான நர்சிங் கல்லூரிகள் சென்னை டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் வரும். பி.எஸ்சி.க்கு அங்கீகாரம் பெற்ற கல்லூரி போஸ்ட் பேசிக்குக்கும் பெற்றிருக்கும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். இன்னொரு எச்சரிக்கை: "போஸ்ட் பேசிக் டிப்ளமோ" என்று ஒரு வருடப் படிப்புகள் தனியே உண்டு, கிரிட்டிகல் கேர், புற்றுநோய் நர்சிங் என்று. நல்ல படிப்புகள்தான், ஆனால் பட்டம் ஆகாது. விண்ணப்பத்தில் எது எழுதியிருக்கிறது என்று பாருங்கள்.

உங்கள் சித்தி மகள் ஆன்லைனில் முடித்தது உண்மைதான். அவர் படித்தது வேறு ஏற்பாடு. அமெரிக்காவில் இரண்டு வருட அசோசியேட் பட்டம் படித்தவரும், நான்கு வருட பி.எஸ்சி. படித்தவரும் ஒரே உரிமத் தேர்வை எழுதித்தான் ஆர்.என்., அதாவது பதிவு பெற்ற நர்ஸ், ஆகிறார்கள். பிறகு பட்டத்துக்கான மீதிப் படிப்பில் ஆராய்ச்சி, பொதுச் சுகாதாரம், தலைமைப் பண்பு போன்ற பாடங்கள் அதிகம் என்பதால் அதை ஆன்லைனில் நடத்த அங்கே கல்வி அமைப்பே அனுமதிக்கிறது. நியூயார்க் மாநிலம் 2017-ல் ஒரு சட்டமே போட்டது, புதிதாக உரிமம் பெறும் நர்ஸ்கள் பத்து வருடத்துக்குள் பட்டம் முடிக்க வேண்டும் என்று. வேலையில் இருப்பவர்களைப் படிக்கச் சொல்லும்போது, வேலையோடு படிக்க வழியும் வேண்டும் அல்லவா. இங்கே போஸ்ட் பேசிக் பாடத்திட்டத்தில் வார்டு போஸ்டிங்கும் சமூகப் போஸ்டிங்கும் உள்ளுக்குள் பின்னியிருக்கின்றன. நம் ஊரிலும் வேலையில் இருப்பவர்களுக்கு வசதியான வழிகள் அதிகம் வர வேண்டும் என்பதுதான் என் கருத்தும். நிறையத் திறமையான டிப்ளமோ நர்ஸ்கள் வேலையை விட முடியாத ஒரே காரணத்தால் நின்றுவிடுகிறார்கள்.

அப்படி முறையாக இருக்கும் ஒரே பெரிய வழி இக்னோ என்கிற இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம். வேலையில் இருக்கும் நர்ஸ்களுக்கான போஸ்ட் பேசிக் பி.எஸ்சி., குறைந்தது மூன்று வருடம். பிளஸ் டூவும் டிப்ளமோவும் முடித்து, பதிவு பெற்று, இரண்டு வருட அனுபவம் இருந்தால் நுழைவுத் தேர்வு எழுதலாம். தொலைநிலை என்றாலும் அதற்கென்று ஒதுக்கிய கல்வி மையத்துக்குப் போய்ச் செய்முறையும் நேர்முக வகுப்பும் முடித்தாக வேண்டும். மதுரையில் இக்னோவின் மண்டல மையம் இருக்கிறது. உங்களுக்கு எந்தக் கல்வி மையம் கிடைக்கும், அங்கே எத்தனை நாள் போய் இருக்க வேண்டும் என்று விண்ணப்பிக்கும் முன்பே அங்கே கேட்டுக்கொள்ளுங்கள். மையம் தூரமாக அமைந்து லீவு கிடைக்காமல் பாதியில் விட்டவர்கள் உண்டு.

மற்றது ரெகுலர், இரண்டு வருடம், முழு நேரம். வேலையை விட வேண்டும். அரசு ஒதுக்கீட்டு இடங்களுக்குச் சென்னையிலுள்ள மருத்துவக் கல்வி தேர்வுக் குழு வருடத்துக்கு ஒருமுறை விண்ணப்பம் வாங்கும். இடங்கள் குறைவு, கட்டணம் தனியாரைவிட மிகக் குறைவு. பிளஸ் டூவில் காமர்ஸ் என்பதால் கவலை வேண்டாம். போஸ்ட் பேசிக்குக்குக் கேட்பது பிளஸ் டூ தேர்ச்சியும், டிப்ளமோவும், நர்ஸாகவும் தாதியாகவும் கவுன்சில் பதிவும். அறிவியல் பிரிவு கட்டாயமில்லை. நான்கு வருட பி.எஸ்சி.யில் இரண்டாம் வருடத்தில் நேரடியாகச் சேரலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இரண்டில் எது? வீட்டில் மாமியார் பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லும்போது, நான் ரெகுலருக்குத்தான் என் வாக்கைப் போடுவேன். இந்தத் துணை எத்தனை மருமகள்களுக்குக் கிடைக்கிறது? மகள் ஒன்றாம் வகுப்பில் இருக்கும் இந்த இரண்டு வருடம், அவள் பத்தாம் வகுப்புக்கு வரும் காலத்தைவிட உங்களுக்குச் சாதகமானது. மதுரை, திருச்சி என்றால் தினம் போய்வர முடியாது. விடுதியில் தங்கி வாரக் கடைசியில் வர வேண்டியிருக்கும். அதை மகளிடமும் இப்போதே சொல்லிப் பழக்குங்கள். ஆனால் இரண்டு வருடம் உங்கள் சம்பளம் இல்லாமல் குடும்பம் ஓடாது, வட்டிக்கு வாங்க வேண்டியிருக்கும் என்றால், தயங்காமல் இக்னோவுக்குப் போங்கள். பட்டம் அங்கே வாங்கினாலும் எம்.எஸ்சி.க்குச் செல்லும். கந்து வட்டியில் படித்த படிப்பு முடிவதற்குள் குடும்பத்தை முடித்துவிடும்.

கடன் தேவையென்றால் வங்கிக் கல்விக் கடன் கேளுங்கள். மத்திய அரசின் உத்தரவாதத் திட்டத்தின் கீழ் 7.5 லட்சம் ரூபாய் வரை சொத்துப் பிணை இல்லாமல் கொடுக்கலாம். வித்யாலட்சுமி இணையதளத்தில் விண்ணப்பித்தால், மேலாளர் வாய்மொழியாக "இல்லை" என்று அனுப்பிவிட முடியாது, விண்ணப்பத்துக்குப் பதிவு இருக்கும். வழக்கமாகப் படிப்பு முடிந்து ஒரு வருடம் கழித்துத்தான் தவணை தொடங்கும். உங்கள் கணவரைக் கூட அழைத்துப்போய் அந்தக் கணக்கை அவர் முன்னால் கேளுங்கள். வருமானம் நிற்கப் போகிறது என்ற பயத்தில்தான் அவர் அப்படிப் பேசுகிறார் என்று எனக்குப் படுகிறது. எண்கள் எதிரே இருந்தால் பேச்சு வேறு மாதிரி போகும்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் உங்கள் ஒரிஜினல் சான்றிதழ்கள். மருத்துவமனை அவற்றைக் கேட்டு வாங்கி வைத்ததே தவறு. கல்விச் சான்றிதழ்களைப் பிடித்து வைக்க உரிமையில்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் ஒன்றுக்கு மேற்பட்ட வழக்குகளில் சொல்லியிருக்கிறது. சண்டையில் தொடங்க வேண்டாம். "உயர்படிப்புக்கு விண்ணப்பிக்க எனது அசல் சான்றிதழ்கள் தேவை" என்று தேதி போட்டு ஒரு கடிதம் எழுதி, நகலில் ஆபீஸ் சீலும் கையெழுத்தும் வாங்குங்கள். வாங்க மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். பெரும்பாலும் அந்தத் தபாலுக்கே வேலை நடந்துவிடும். நடக்காவிட்டால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு இலவசமாக வழக்கறிஞர் உதவி கிடைக்கும், வருமான வரம்பு பார்க்க மாட்டார்கள். சான்றிதழ் கைக்கு வந்ததும் அனுபவச் சான்றிதழையும் கேட்டு வாங்குங்கள், ஐ.சி.யூ. என்று பிரிவின் பெயரோடு, சேர்ந்த தேதியோடு. ராஜினாமாக் கடிதம் எல்லாவற்றுக்கும் பிறகு, இடம் உறுதியான பின்னால் மட்டும்.

இங்கிலீஷ் பயம் பற்றிக் கடைசியில் எழுதியிருந்தீர்கள். போஸ்ட் பேசிக்கில் ஆங்கிலத் தாளுக்குத் தேர்ச்சி 40 சதவீதம்தான், மற்றவற்றுக்கு 50. பேச்சு ஆங்கிலத்தை விடுங்கள். உங்களுக்குத் தேவை எழுத்து. நீங்கள் தினமும் ஆங்கிலத்தில்தான் கேஸ் ஷீட் எழுதுகிறீர்கள், ஹேண்டிங் ஓவர் கொடுக்கிறீர்கள். இன்றிலிருந்து ஒரு நோட்டு போடுங்கள். டியூட்டி முடிந்து வந்ததும், அன்று பார்த்த ஒரு நோயாளியைப் பற்றி, பெயர் போடாமல், பத்து வரி முழு வாக்கியமாக எழுதுங்கள்: என்ன கண்டேன், ஏன் கவலைப்பட்டேன், என்ன செய்தேன், என்ன ஆனது. முதல் வருடக் கேஸ் ஸ்டடி இதே வடிவத்தில்தான் இருக்கும். அடுத்த சேர்க்கை அறிவிப்பு வரும்போது அந்த நோட்டில் பாதி நிரம்பியிருந்தால், நோட்டின் சில பக்கங்களை எனக்கு அனுப்புங்கள். திருத்தித் தருகிறேன்.